கல்பானின் முன்சக்கரம்

பிக்கப் வண்டியை விட்டு இறங்கியதும் என் தம்பி கல்பான் முன்சக்கரத்தைத்தான் பார்ப்பான். ஒரு கையை பானட்டில் ஊன்றிக் குனிந்து, காற்று போதுமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டே நிற்பான். மணலில் வண்டி ஓட்டுகிறவன் சக்கரத்தைப் பார்ப்பதில் அதிசயமில்லை. ஆனால் அவன் பார்ப்பது தன் இடது முட்டி நிமிரும் வரைக்கும்தான். சஹம் கடற்கரையில் இது எனக்கு மட்டுமே தெரியும். நான் மூத்தவள் இல்லையா.

காலையில் கரை திரும்பும் படகை வண்டியில் கயிறு கட்டி மணல்மேட்டுக்கு இழுக்க வேண்டும். கல்பான் தன் படகை இழுத்த பிறகு, வண்டி இல்லாதவர்களின் படகுகளையும் இழுப்பான். கூலி கேட்க மாட்டான். ஆளுக்கொரு மீனை வண்டியின் பின்தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கயிறுகூட அறுந்ததில்லை. கிளட்சை அவன் விடுகிற பக்குவம் அப்படி.

அந்தக் கிளட்ச்தான் இப்போது அவனுக்குப் பகை. மூட்டுவாதம். போன குளிர்காலத்தில், வண்டி இல்லாத சுவைலிமின் படகை இழுக்கும்போது முட்டி மடங்கிவிட்டது. கால் கிளட்சிலிருந்து நழுவி, படகு ஒரு முழம் பின்னால் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. வீட்டுக்கு வந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இழுக்கிறத விட்டுடுறேன்க்கா."

கிளட்ச் இல்லாத வண்டி வாங்கலாம் என்றேன். கடற்கரையில் அதற்கு மதிப்பில்லை. பெண்கள் கடைக்குப் போகிற வண்டி என்பார்கள். சுவைலிம் என் முன்னாலேயே சொன்னான்:

"பூப்போட்ட சீட் உறையும் சேத்து வாங்கிடு கல்பான்."

"உன் படகைக் கட்டுடா, நானே இழுத்துக் காட்டுறேன்" என்றேன்.

முதலில் ஒரு பிற்பகலில் சோஹார் நகரத்து வண்டிக் கடைக்குப் போய்ப் பார்த்தோம். உட்கார்ந்த வண்டியெல்லாம் அவனுக்குச் சுகமாக இருந்தது. ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கப் போனவன், கையை இழுத்துக்கொண்டான்.

"பகல் முட்டி பொய் சொல்லும்க்கா. கடல்லேந்து வந்த முட்டியத்தான் நம்பணும்."

மறுநாள் படகிலிருந்து இறங்கிய கையோடு, இடுப்புவரை நனைந்த துணியும் மணலுமாகக் கடைக்கு வந்தான். விற்பனையாள் ஓடிப்போய் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டான். முதல் வண்டியில் ஏறவே காலை வீசித் தூக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் அமிழ்ந்துபோனான், நான்தான் கைகொடுத்து இழுத்தேன். மூன்றாவதன் இருக்கை சரியாக அவன் இடுப்பு உயரம். பதினொரு தடவை உட்கார்ந்து எழுந்தான், எண்ணினேன். விற்பனையாள் எஞ்சினின் பலத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எந்த எஞ்சினும் இழுக்கும்ப்பா. நான் எந்திரிக்கணும்ல" என்றான் கல்பான்.

புது வண்டிக்கு முதல் காலையில் வாய்த்தது சுவைலிமின் படகேதான். கயிறு இறுகியது. உதறல் இல்லாமல் வண்டி நகர, படகு மேட்டில் ஏறி நின்றது. சுவைலிம் இருந்ததில் பெரிய சூரை மீனை வண்டியின் பின்தட்டில் போட்டான்.

கல்பான் கதவைத் திறந்து, இரண்டு காலையும் வெளியே திருப்பி, எழுந்தான். சக்கரத்தைப் பார்க்காமல், கயிற்றை அவிழ்க்க நேராக நடந்தான். நாலைந்து அடி போனவன் நின்றான். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டான். திரும்பி வந்து, ஒரு கையை பானட்டில் ஊன்றிக் குனிந்து, முன்சக்கரத்தைப் பார்த்தான்.