மகளுக்கு முன்னால் நான் பார்த்த பேய்ப்படம்

தீபாவளிக்கு வந்த அந்தப் பேய்ப்படத்தை என் மகள் பார்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடும்பம் நடத்துகிறார். அடுத்த வீட்டில் அவருடைய தம்பி குடும்பம். நிலத்தைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். தம்பி மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

அந்தப் பெண் தீபாவளிக்கு மறுநாளே தன் மாமா குடும்பத்தோடு கும்பகோணம் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"அம்மா, அவ பாத்துட்டா. நானும் போவணும்."

"என்ன படம்?"

சொன்னாள்.

"பேய்ப்படமா? வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

நாள் முழுக்கப் பிள்ளைகளின் 'ஏன்'களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவள் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. எட்டு வயதில் அவள் சித்தப்பா வீட்டு டிவியில் ஏதோ ஒரு பேய்ப்படத்தில் ஒரே ஒரு காட்சியைப் பார்த்துவிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வருமாம். அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க அவள் தனியாகப் பாத்ரூம் போகவில்லை. எங்கள் பாத்ரூம் கொல்லைக் கோடியில் இருக்கிறது. அவள் உள்ளே போனால் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். சும்மா நின்றால் போதாது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"பேசு."

"என்னத்தடி பேச?"

"ஏதாவது பேசிக்கிட்டே இரு."

பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பித்திருக்கிறேன். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்காய் விலை, மாவு புளித்தது, பால்காரர் வராதது என்று கதவிடம் பேசியிருக்கிறேன். வாய்க்கால் பக்கம் போகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை.

"படத்துக்கு என்ன சர்டிபிகேட்னு பாத்தியா? பதினாறு வயசுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"அது யுஏம்மா. பதினாறுக்குக் கீழ இருக்கவங்க பாக்கலாமா வேணாமான்னு அப்பா அம்மா முடிவு பண்ணணும்னு அர்த்தம். நீயே படிச்சுப் பாரு."

போனை வாங்கிப் படித்தேன். அவள் சொன்னது சரிதான். படம் எடுத்தவர்கள், தணிக்கை செய்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, கடைசியில் பாரத்தை என் தலையில் இறக்கி வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அவள் அப்பாவிடம் வீடியோ காலில் பேசினாள். நான் அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். "போயிட்டு வரட்டுமே, என்ன இப்ப? இந்தக் காலத்துப் புள்ளைங்க இதுக்கெல்லாம் பயப்படுமா?" என்று அவர் சொல்வது கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போனை வாங்கினேன்.

"ஏங்க, பயந்துகிட்டு வந்தா பாத்ரூம் வாசல்ல நிக்கப் போறது யாரு? சிங்கப்பூர்லேருந்து வந்து நிப்பீங்களா?"

"ஆமா, அது ஒண்ணு இருக்குல்ல. அப்ப வேணாம்னு சொல்லிடு."

"நான் ஏன் சொல்லணும்? வரட்டும்னு சொன்னது நீங்க."

"சரிம்மா, நீயே பாத்து எது சரின்னு படுதோ செய்யி. ஷிப்டுக்கு நேரமாச்சு."

வைத்துவிட்டார். மகள் என்னை முறைத்தாள். "அப்பா சரின்னாங்க. நீதான் மாத்திட்ட." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஓரகத்தி வந்தாள். கணவரின் தம்பி மனைவி. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். "ஏங்க்கா புள்ளைய அழவிடுறீங்க? எல்லாம் கிராபிக்ஸ்தானே. எம்பொண்ணு சிரிச்சுக்கிட்டே பாத்தா" என்றாள். "அப்புடியா" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு எனக்குக் குடவாசலில் ஆசிரியர் பயிற்சி. மழை பிடித்துக்கொண்டதால் மதியத்தோடு முடித்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் கும்பகோணம் பஸ் வந்தது. படம் எப்படி இருக்கிறதென்றே தெரியாமல் வேண்டாம் என்று சொன்னால் அவள் எப்படி ஒத்துக்கொள்வாள்? சரி, நானே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பள்ளி விட்டதும் மகள் அங்கேயே இருக்கட்டும் என்று ஓரகத்தியிடம் போனில் சொன்னேன். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

தனியாகத் தியேட்டருக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. அதுவும் பேய்ப்படத்துக்கு. நனைந்த குடை, தோளில் பயிற்சியில் கொடுத்த பை. பாப்கார்ன் விற்கிற இடத்தில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "டீச்சர், நீங்களா!" என்றாள். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவளாம். "பொண்ணுக்காகப் பாக்க வந்தேன்" என்றேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பொண்ணைக் காணோம். விளக்கிச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது.

படத்தில் ஒரு வீடு, ஒரு தாய், ஒரு மகள். பேய்க்கு அந்தத் தாயின் குரல் வந்துவிடுகிறது. அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள், மாடியிலிருந்தும் அம்மா கூப்பிடுகிறாள். எது அம்மா என்று குழந்தைக்குத் தெரியவில்லை. படம் பாதி நேரம் என் முந்தானைக்கு அந்தப் பக்கம்தான் ஓடியது. ஒரு கட்டத்தில் அந்த மகள் கொல்லைக் கதவுப் பக்கம் போகிறாள். என்னையும் அறியாமல், "தொறக்காத!" என்று சத்தம் போட்டுவிட்டேன். வகுப்பறையில் போடுகிற சத்தம். முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "டீச்சர் சொல்றாங்கல்ல, தொறக்காத" என்று ஒருவன் திரையைப் பார்த்துச் சொன்னான். தியேட்டரே சிரித்தது. அப்போதும் அவள் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மழையில் கரண்ட் இல்லை. அடுக்களையில் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கமிருந்து "அம்மா" என்று ஒரு குரல்.

நான் போட்ட கூச்சலில் ஓரகத்தி டார்ச்சோடு ஓடி வந்தாள். கொல்லைப் படியில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். என்னையும் என் நனைந்த புடவையையும் பார்த்தாள். தோளிலிருந்து நழுவிய பையிலிருந்து டிக்கெட் வெளியே விழுந்து கிடந்தது. அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் படித்தாள்.

"நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வந்துட்டியா?"

இத்தனை கோபத்தோடு அவள் என்னிடம் பேசியதில்லை. உனக்காகத்தான் போனேன், பயந்து பயந்துதான் பார்த்தேன் என்றெல்லாம் சொன்னேன். ஓரகத்தி சிரிப்பை அடக்க முடியாமல் டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"சரி, பாத்துட்டேல்ல. சொல்லு. நான் பாக்கலாமா கூடாதா?"

"கூடாது. எனக்கே ஒதறுது."

"எனக்குக் கதை முழுக்கத் தெரியும்மா. அம்மா கொரல்ல பேய் பேசும். கடைசியில மாடி ரூம்ல வெளக்கு எரியும். சித்தப்பா பொண்ணு எல்லாத்தையும் சொல்லிட்டா. யூடியூப்லயும் ஒருத்தர் சொல்லிட்டாரு."

"எல்லாந்தான் தெரியுதே, அப்புறம் எதுக்குடி பாக்கணும்?" எனக்கு உண்மையிலேயே பொறுமை போய்விட்டது.

மெழுகுவத்தியை ஏற்றி வைத்துத் தோசை சுட்டேன். இரண்டாவது தோசையைப் பிய்த்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"கிளாஸ்ல என்னை 'இருக்கியா'ன்னு கூப்புடுறாங்க."

"என்னது?"

"சின்ன வயசுல நான் பாத்ரூம் போறப்ப உன்னைக் கூப்புடுவேன்ல, அதைச் சித்தப்பா பொண்ணு எல்லார்ட்டயும் சொல்லிட்டா. நான் உள்ள வந்தா ஒருத்தன் 'இருக்கியா'ங்கிறான், இன்னொருத்தன் 'இருக்கேன்'ங்கிறான். பேய்ப்படம் பாக்க என்னை மட்டும் விடமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

தோசைக்கல் புகைந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் எதற்கு மழையில் கும்பகோணம் வரை போய்ப் பையன்களிடம் கேலிப் பேச்சு வாங்கியிருக்க வேண்டும்? கேட்டேன்.

"நீ எங்க கேட்ட? வேணாம்னா வேணாம்னுதானே சொன்ன."

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். அதே தியேட்டர். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயங்கரமான இடம் வருவதற்கு முன்னால் குனிந்து, "இப்ப ஒண்ணு வரும், கண்ணை மூடிக்க" என்றேன். "சும்மா இரும்மா" என்றாள். இன்னொரு இடத்திலும் சொன்னேன். "நீ வெளியில போய் உக்காரு" என்றாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். ஆனால் ஒரு முறைகூடக் கண்ணை மூடவில்லை. பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது. "பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பேய்க்குப் பயமில்லம்மா. அந்தப் பொண்ணு அப்பாவுக்கு போன் பண்ணிக்கிட்டே இருந்தால்ல? அவரு ஒவ்வொரு தடவையும் 'அம்மாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு'ன்னு வச்சுட்டாருல்ல? எந்த அம்மாகிட்ட சொல்லுவா? அதான் பயமா இருந்துச்சு."

அப்படி ஒரு அப்பா படத்தில் வந்ததே எனக்கு நினைவில்லை. அவர் வந்த நேரமெல்லாம் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று முந்தானைக்குள் இருந்திருப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் கூப்பிட்டு, "படம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார். பஸ்ஸில் என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடமும் சொன்னாள். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. கதை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவர் முகம் திரையில் அசையாமல் இருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அடுத்த தடவ வர்றப்ப நாம சேந்து போவோம்" என்றார் கடைசியில்.

"அதுக்குள்ள படத்தத் தூக்கிடுவாங்கப்பா."

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை அவளே வந்து சொன்னாள். பையன்கள் வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறார்கள். "படம் முழுக்கக் கண்ணத் தொறந்து பாத்தீங்களாடா? அப்ப சொல்லுங்க, கடைசியில மாடி ரூம்ல எரியுற வெளக்கு என்ன கலரு?" என்று கேட்டிருக்கிறாள். ஆளுக்கொரு கலர் சொன்னார்கள். சித்தப்பா மகள் ஒன்றுமே சொல்லவில்லை. பட்டப்பெயர் அதோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குறைந்தது.

பயப்படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொசு கடிக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நாள் என் பக்கத்தில் வந்து படுத்தாள். பாத்ரூமுக்குத் தனியாகத்தான் போனாள். ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி பாடிக்கொண்டு போனாள். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஓரகத்தி கண்கள் சிவக்க வந்து நின்றாள். சிரித்துக்கொண்டே படம் பார்த்த அவள் மகள், தீபாவளியிலிருந்து அவளுக்கும் அவள் புருஷனுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, தூங்கவும் மாட்டேன் தூங்கவிடவும் மாட்டேன் என்கிறாளாம். அம்மா கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாளாம். நேரில் வந்து முகத்தைக் காட்ட வேண்டுமாம்.

"நீங்களாவது போய்ப் பாத்துட்டு வந்தீங்களேக்கா" என்றாள் என்னிடம், குறையோடு. "இவ்வளவு பயங்கரமா இருக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் மகள் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நான் போனேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டேன்.