சாய்ந்தால் திரும்பும் பைக்

கையை வீசினால் டிவிக்குள் இருப்பவனும் மட்டையை வீசுகிற விளையாட்டுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. உடம்பை வைத்து விளையாடுவது புதுசு என்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வருகிறது. தொண்ணூறுகளிலேயே சேக்காட்டில் என் மாமியார் வீடு முழுக்க அப்படித்தான் விளையாடியது.

எங்களுக்கு அது தலை கிறிஸ்துமஸ். நான் ஐந்தாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவன். லேத் மெஷினோடு பழகிய அளவுக்கு மனிதர்களோடு பழகியதில்லை. கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் தலையசைப்புதான். ரயிலில் வரும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"இன்னிக்காச்சும் வாயத் தொறந்து பேசுங்க. மாப்ளக்கி நம்ம ஊடு புடிக்கலியான்னு அம்மா பொலம்பிகினு கீது."

சரி என்று தலையசைத்தேன்.

அத்தை என் எதிரே வரமாட்டார். மாப்பிள்ளை முன்னால் நிற்பது மரியாதையில்லை என்று சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தே பேசுவார். அதுவும் மகளிடம்.

"மாப்ளக்கி இன்னும் கொஞ்சம் கல்கல் வோணுமான்னு கேளுடி."

மாவைச் சுருட்டிப் பொரித்த அந்தக் கிறிஸ்துமஸ் இனிப்பை மென்றபடி தலையாட்டினேன்.

"இன்னா சொல்றாரு?"

"தலைய ஆட்றாரும்மா."

"வோணும்னு ஆட்றாரா, வேணாம்னு ஆட்றாரா?"

மத்தியானம் மனைவியின் தம்பி ஒரு டிவி கேமை வாடகைக்கு எடுத்துவந்து ஸ்டூலில் வைத்தான். பைக் ரேஸ். பட்டன் வைத்த கட்டையை என் கையில் திணித்தான்.

"மாமா, கட்டவெரலு மட்டும் வேல செஞ்சா போதும்."

முதல் வளைவிலேயே நான் பாயில் படுக்காத குறையாகச் சாய்ந்தேன். பைக் மரத்தில் மோதியது.

"இன்னா மாமா, கட்டையத் தூக்கினு பறக்கறீங்க? வயரு புட்டுக்கும்! நீங்க சாயறது டிவிக்குத் தெரியாது."

தெரியாதா? சாயாமல் எந்த வண்டி திரும்பும்? அடுத்த வளைவில் இன்னும் சாய்ந்தேன். இடிபடாமலிருக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியும் அதே பக்கம் சாய்ந்தாள். பைக் தப்பியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அதற்கடுத்த வளைவில் மச்சினனும் சாய்ந்தான்.

கடைசி வளைவு. முன்னால் ஒரே ஒரு சிவப்பு பைக். கண்ணோரத்தில் திரைச்சீலை அசைந்தது, விலகியது. கரண்டியும் கையுமாக அத்தை கூடத்தில் நின்றார், தப்பான பக்கம் சாய்ந்தபடி!

"அய்யோ, அந்தப் பக்கம் இல்ல அத்தே! இப்டி, இப்டி சாயுங்க!"

அத்தை சட்டென்று இந்தப் பக்கம் சாய்ந்தார். நானும் சாய்ந்தேன். வயர் இழுத்து, ஸ்டூலில் இருந்த கேம் பெட்டி பாயில் விழுந்தது. படம் போய்விட்டது.

"செயிச்சோமா?" என்றார் அத்தை.

யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் தான் நிற்கும் இடம் அவருக்கு உறைத்தது. முந்தானையை இழுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். மனைவி என்னை முழங்கையால் இடித்தாள்.

"அத்தே," என்றேன். காது சுட்டது. "கல்கல் வோணும்."

அவர் நின்றார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே கேட்டார்.

"கொஞ்சமா, நெறையவா மாப்ள?"