தழைத்த செடிக்கு யாரும் போன் செய்வதில்லை

செடி பார்க்கும் தொழிலில் போன் அடித்தாலே எங்கோ ஒரு செடிக்கு ஆபத்து என்று அர்த்தம். நன்றாகத் தழைத்து நிற்கிற செடிக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடுகளுக்குள் வைத்திருக்கும் தொட்டிச் செடிகளைக் காலத்துக்குத் தகுந்தபடி இடம் மாற்றி, மண் மாற்றிப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. ஸ்கூட்டியைக் கண்டதும் ‘செடியக்கா வந்தாச்சு’ என்பார்கள். ஆசையாக வாங்கிய செடி ஒவ்வொரு இலையாக மஞ்சளாவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அங்கே ஒன்று, இங்கே ஒன்று

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், சித்திரை பிறந்ததும் மகள் பிரசவத்துக்காக ஓசூர் போனார். சாவி என்னிடம் இருந்தது. கோடையில் ஆளில்லாத வீட்டில் செடிகளை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி, நெருக்கமாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றின் ஈரம் இன்னொன்றுக்கு உதவும். எல்லாவற்றையும் அப்படி வைத்துவிட்டு, வராண்டாவில் தொங்கிய ஃபெர்ன் செடியை இறக்கப் போனேன். டீச்சருக்கு அதுதான் உயிர். கை வைத்ததும் ஒரு கொண்டைக்குருவி படபடத்துப் பறந்தது. உள்ளே கூடு, கூட்டில் முட்டைகள்.

தண்ணீர் ஊற்றினால் முட்டை நனையும், ஊற்றாவிட்டால் செடி காயும். கேட்கலாமென்றால் அன்றைக்குத்தான் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானே முடிவெடுத்து, அந்தப் பக்கம் போவதை விட்டேன். குஞ்சுகள் பறந்து போனபோது செடி சருகாக நின்றது. டீச்சர் திரும்பி வந்த அன்று, திட்டு வாங்கத் தயாராக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நான் அங்க ஒரு பிரசவம் பாத்தேன், நீங்க இங்க ஒண்ணு பாத்திருக்கீங்க. செடிக்கென்ன, வேற வச்சுக்கிடலாம்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

ராஜபாளையத்தில் ஆடிக் காற்று மலையிலிருந்து நேராக நம் பால்கனிக்குத்தான் வரும். ஆனியிலேயே தொட்டிகளை உள்ளே எடுக்கச் சொல்லிவிடுவேன். பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருக்கும் ஒருவர் கேட்கவில்லை. அவருடைய ரப்பர் செடி மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்தது. பக்கத்து வீடு அவருடைய அண்ணன் வீடு. அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் பேச்சு நின்று போயிருந்தது. “நீங்க போயி என்னன்னு பாருங்க, யார் மேலயும் பட்டுறலயே” என்று எனக்குப் போன் செய்தார். அவருடைய அண்ணி வத்தல் காயப்போடும் இடம் அது.

நல்ல வேளை, அண்ணி அப்போதுதான் உள்ளே போயிருந்தார். அண்ணன் முற்றத்தில் குத்தவைத்து, பழைய பெயிண்ட் வாளியில் மண் போட்டு அந்தச் செடியை நட்டுக்கொண்டிருந்தார். நான் கை நீட்டியும் தரவில்லை. அவரே தூக்கிக்கொண்டு வந்தார். தம்பி வாசல் கதவை அகலத் திறந்தார். பிறகு, “உள்ள வாங்கண்ணே” என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: “தொட்டிதாம்லே ஒடைஞ்சிருக்கு. வேரு நல்லாத்தான் இருக்கு.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன்

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ஜெபா அழுதுகொண்டே கூப்பிட்டாள். என்னிடம் செடி பராமரிப்புக்குச் சொல்லியிருக்கும் இளம் தாய். “அக்கா, பிள்ள எதோ இலையக் கடிச்சிட்டான். நாக்கு வீங்கிருச்சு. என்ன செடின்னு டாக்டர் கேக்காரு.” சாரல் அடிக்கிறதென்று பால்கனித் தொட்டிகளை எல்லாம் எடுத்து ஹாலில் தரையில் வைத்திருக்கிறாள். தவழ்கிற பையனுக்கு எட்டும் உயரம். கடித்த இலையைக் கையோடு கொண்டு போயிருந்தாள்; அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பச்சையில் வெள்ளைத் தெளிப்பு, டைபன்பேக்கியா. பார்க்க அழகு, ஆனால் சாறு பட்டால் ஊசி குத்தினமாதிரி வலித்து நாக்கும் தொண்டையும் வீங்கும். டாக்டரிடமே பெயரைச் சொன்னேன். “சரி, இனி நாங்க பாத்துக்கிடுதோம்” என்று வைத்துவிட்டார்.

மழையில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். தொண்டை வரை வீங்கினால் மூச்சுக்கு ஆபத்து என்று பிள்ளையைப் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். ஜெபாவும் அவள் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தச் சாமியைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை, எல்லோரையும் கூப்பிட்டேன். சாயங்காலம் வீக்கம் வடிந்து, பையன் பாலுக்கு அழுதான். ஒரு பிள்ளை அழுததைக் கேட்டு நாங்கள் அத்தனை பேரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

“மொதல்ல வீட்டுல இருக்க செடிய எல்லாம் தூக்கி எறி” என்றார் மாமியார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபா சொன்னாள்: “இந்த ஒண்ண மட்டும் அக்காட்ட குடுத்துருவோம், அத்த. இவன் வாயில வைக்கிறத எல்லாம் எறியணும்னா வீட்டையே எறியணும். நேத்து இவன் உங்க மகனோட செருப்பத்தான் கடிச்சுக்கிட்டு இருந்தான்.”

மூன்று ஷிப்ட் தண்ணீர்

சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கெல்லாம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவந்தார். வெயில் காலத்தில் எப்படியோ தாங்கின. மார்கழிப் பனியில் மண் காயவே இல்லை; வேர் அழுகி நாற ஆரம்பித்தது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்றேன். மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது. “அப்ப எனக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டார். அவர் செடியைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஈரத் துணி ஒன்றைக் கையில் கொடுத்து, இலைகளில் படிந்த தூசியைத் தினமும் துடைக்கச் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது இலைகள் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னின. புதுக் குருத்தும் விட்டிருந்தது. அவர் மனைவி காபியோடு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “செடி பொழைச்சது இருக்கட்டும், நான் பொழைச்சேன். எலையத் தொடைச்சு முடிச்சுட்டு அவிய இப்ப ஃபேனு, ஜன்னலு எல்லாம் தொடைக்காவ.”

வெயில், காற்று, மழை, பனி எல்லாவற்றையும் செடிகள் எப்படியோ சமாளித்துக்கொள்கின்றன. அதுவரை அந்த வீட்டு மனுஷர்களைச் சமாளிப்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்போல.