சனிக்கிழமை ரீஸ்டார்ட்டுக்கு முன்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, மருத்துவமனைக் கணினிப் பிரிவின் பெண் ஊழியர் ஒருவரது சர்வர் அனுமதி, விளக்கம் ஏதும் கேட்கப்படாமல் முடக்கப்பட்டது. அவர் வைத்த நினைவக வரம்பினால்தான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மென்பொருள் நின்றது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் பொய் என்பதே இங்கே முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

அலுவலகத்தில் அவருக்கு ரசீது அக்கா என்று பெயர். டீ வாங்கிய துண்டுச் சீட்டைக்கூடக் கோப்பில் செருகி வைப்பவர். கணினியின் அடித்தள மென்பொருளான கர்னலைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. சமையல் மேடையோரம் ஒரு பழைய கணினியை வைத்து, அதைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டார்.

இந்தக் கர்னல், நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு நினைவகம்தான் என்று அளந்து கொடுக்கும். ஒரு குழு வரம்பை முட்டி, விடுவிக்க இடமே இல்லாமல் போனால், அந்தக் குழுவில் அதிக இடம் பிடித்திருக்கும் நிரலைக் கொன்றுவிடும். கடைசியில் வந்து நெருக்கியது யார் என்று விசாரிக்காது. பரிசோதனைக்கூட மென்பொருளுக்கு ரசீது அக்கா தனிக் குழு அமைத்திருந்தார். இடம் தாராளமாக இருக்கிறதே என்று, திங்களன்று கணினிப் பிரிவு மேலாளர் மாதாந்திர அறிக்கை நிரலையும் அதற்குள் சேர்த்துவிட்டார். மறுநாள் காலை அறிக்கை நிரல் வீங்கி வரம்பை முட்டியது; செத்தது, அதைவிட அதிக இடம் பிடித்திருந்த பரிசோதனைக்கூட மென்பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அளவுக்காக நடையாய் நடந்தார்.

ரசீது அக்கா அறிக்கை நிரலை வெளியே நகர்த்தினார். எல்லாம் மீண்டும் ஓடியது. ஆனால் அது ஓடும் கணினியில் மட்டும் செய்த மாற்றம்; சனிக்கிழமை நடக்கவிருந்த ரீஸ்டார்ட்டில் சர்வர் அணைந்து மறுபடி எழும்போது அழிந்துவிடும். அதை நிலையாக்க அமைப்புக் கோப்பைத் திறப்பதற்குள் அனுமதி பறிபோயிற்று.

வியாழனன்று ரசீது அக்கா மேலாளரின் அறையில் போய் நின்றார்.

"சார், ஃபைல்ல அறிக்கையைச் சேர்த்த உங்க வரி அப்படியே கிடக்கு. சனிக்கிழமை ரீஸ்டார்ட் ஆச்சுன்னா ரெண்டும் மறுபடி ஒரே குழுவுக்குள்ள போயிடும்."

"எனக்குத் தெரியாதாம்மா?"

"அப்ப நீங்களே மாத்திடுங்க."

"நான் தொட்டா, யாரு தொட்டாங்கன்னு பதிவாகும். இயக்குநர் ஏன்னு கேப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "வரம்பைத் தப்பா வச்சது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மதியத்துக்குள்ள அனுமதி வந்துடும். நீங்களே சரி பண்ணிடலாம். வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

"அந்தப் பொறுப்பை எழுதிக் குடுப்பீங்களா சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டில் அவர் சொன்னதைக் கேட்டபடி கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பஸ் பணிமனையில் பிரேக் பார்ப்பவர்.

"எழுதித் தொலைச்சிட்டு வாயேன். ஊர்ல இருக்கிற சீட்டையெல்லாம் சேர்த்து வச்சவ, ஒரு சீட்டு குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்ச வண்டிய நீங்க ரோட்டுல விடுவீங்களா?"

"விடமாட்டேன். ஆனா சாவி என் கையில இருக்கும். உன் கையில என்ன இருக்கு?"

ரசீது அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய்யாக ஒரு வரி எழுதினால் கோப்பு திறக்கும், நோயாளிகள் தப்பிப்பார்கள். எழுத மறுத்து, சனிக்கிழமை யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால்? காகிதத்தை எடுத்து, "வரம்பைத் தவறாக" என்பதுவரை எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பதிவில் இந்தப் பொய் இருந்தால், அடுத்த முறை இதே தவறு நடக்கும்போது, திருத்த வேண்டிய இடம் எதுவென்றே யாருக்கும் தெரியாமல் போகும்.

தாளைத் திருப்பிப் போட்டார். வெள்ளி காலை, இயக்குநருக்கும் பரிசோதனைக்கூடத் தலைமை மருத்துவருக்கும் ஒரே கடிதத்தை நேரில் கொடுத்தார். அதன் கடைசிப் பத்தி இது:

"ரீஸ்டார்ட்டைத் தள்ளிவையுங்கள், அல்லது கோப்பைத் திருத்த யாருக்கேனும் ஆணையிடுங்கள். அது நானாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் இயலாதெனில், ஆபத்தை அறிந்தே மறுக்கிறோம் என்பதை, இன்று மாலைக்குள், கையொப்பத்துடன் எழுத்துமூலம் எனக்குத் தெரிவிக்குமாறு கோருகிறேன்."