குண்டு எட்டாத கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகனும் என் அப்பாவும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்து போனில் ஏதோ பீரங்கி விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். “இன்னும் கொஞ்சம் மேலை தூக்கு, குஞ்சு. அப்பத்தான் தூரம் போகும்” என்று அப்பா சொன்னது குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. ஓடிவந்து போனைப் பறித்தேன். மகன் அழத் தொடங்கினான்.

“கேம் தானே பிள்ளை, என்னத்துக்கு இந்தக் கோவம்?” என்றார் அப்பா.

அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யுத்த காலத்தில் நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் பெரியம்மாவின் வீட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கொழும்பில் தங்குகிற தமிழர் பொலிசில் பெயர் பதியவேண்டும்; எங்கள் வீட்டுப் பெயர்களில் கடைசி அவருடையது. பதிந்த பிறகும், வேலைக்குப் போய்வருவதைத் தவிர, அப்பா அவரைப் பல்கனியில்கூட நிற்க விடமாட்டார். பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடையொன்றில் மாமாவுக்கு வேலை. யாரோ வேண்டாமென்று கழித்த ஒன்றை, பச்சை எழுத்து மட்டும் தெரிகிற பழையதை, திருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

அதில் அவர் தானாக எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. எனக்கு அது கேம். திரையின் இடது பக்கம் கடல், அதில் ஒரு கப்பல். வலது பக்கம் கரை. கரையோரம் ஒரு கட்டம், அதற்குப் பெயர் வீடு. இன்னும் உள்ளே தள்ளி இன்னொரு கட்டம், பள்ளிக்கூடம். பீரங்கியை எவ்வளவு உயர்த்துவது என்று ஒரு இலக்கம் அடித்தால், கப்பலிலிருந்து ஒரு புள்ளி கிளம்பி, வளைந்து பறந்து எங்கேயாவது விழும்.

தொடக்கத்தில் எந்தக் கட்டத்திலும் சுலபமாக விழுத்தலாம். நான் கைதட்டுவேன். மாமா தட்டமாட்டார்.

“காத்து இல்லை, அதுதான் இப்பிடிப் பறக்குது” என்பார். “மறிக்க ஒருத்தரும் இல்லாட்டி அது எங்கையும் போகும்.”

பிறகு பல நாள் அவர் காற்றுப் போட்டார். அப்படித்தான் சொல்வார், கறிக்கு உப்புப் போடுவதுபோல. குண்டின் பயணத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காற்று அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்கவேண்டுமாம். மேலே போகப் போகக் காற்று மெலியும், அதையும் சேர்க்கவேண்டுமாம். எந்தப் பீரங்கி என்று தெரியாததால், புத்தகங்களில் கண்டவற்றில் பெரியதையே வைத்துப் பார்த்தார். வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலே அதற்கு முன்னால் குந்துவார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏதும் சரிவருதே?” என்று மெல்லக் கேட்பா. ஒரு கேமைப் பற்றி அம்மா ஏன் இவ்வளவு கவலைப்படுகிறா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் மாமா என்னைக் கூப்பிட்டார். “வாங்கோ, பள்ளிக்கூடத்தை அடியுங்கோ பாப்பம்.”

எத்தனை இலக்கம் போட்டும் புள்ளி வீட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்திலேயே விழுந்தது. கூட்டிப் போட்டேன், குறைத்துப் போட்டேன். எட்டவில்லை.

“உங்கடை கேம் பழுது மாமா. அந்தக் கட்டத்துக்குப் போகுதில்லை.”

“நல்லா அடிச்சுப் பாத்தனீங்களே?”

“ஓம். எல்லாம் போட்டுப் பாத்திட்டன்.”

மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் தோற்றதற்கு ஏன் இவ்வளவு சந்தோசம் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று, வேலைக்குத் தவிரப் பல்கனிக்கே போகாத மனுசன் காலி வீதிவரை போய் எனக்கு ஐஸ்கிறீம் வாங்கிவந்தார். வெளியே போனதற்கு அப்பா அவரைப் பேசினார். பிறகு பெரியவர்கள் மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவுக்கு வெளியே நான் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை சரஸ்வதி பூசை. எங்கள் பாடப் புத்தகங்கள், பேனைகள், அம்மாவின் தையல் மெசின் எல்லாவற்றையும் படத்தின் முன் வைத்தோம். கொம்பியூட்டரையும் வைக்கச் சொன்னது அம்மா. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மேலே செவ்வரத்தம்பூவும் வைத்தா. விஜயதசமிவரை யாரும் எதையும் தொடக்கூடாது.

பூசையன்று காலைதான் ஆமிக்காரர் வீடு சோதிக்க வந்தார்கள். அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாம் கிளறினார்கள். மாமாவின் அடையாள அட்டையை ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெரியவன் கொம்பியூட்டரைக் காட்டி, “மேக்க மொகத்த?” என்றான். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்.

அம்மா முன்னால் போய் நின்றா. “பூஜாவட்ட தியலா மாத்தயா. அத்த தியன்ன பே.” பூசைக்கு வைத்திருக்கிறோம், கை வைக்கக்கூடாது.

அவன் படத்தைப் பார்த்தான். சப்பாத்துக் காலோடு நின்றவன் ஒரு அடி பின்னால் வைத்து, கைகூப்பிவிட்டுப் போனான். மாமாவின் கப்பலையும் பீரங்கியையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அம்மாவுக்கு வந்த துணிவு அப்பாவுக்கு வரவில்லை. விஜயதசமியன்று புத்தகம் எடுக்கப் போனபோது கொம்பியூட்டர் இருந்த இடத்தில் பூ மட்டும் கிடந்தது. உடைத்து, பழைய போத்தல் வாங்குகிறவனிடம் கொடுத்துவிட்டாராம். மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார்: “பரவாயில்லை அத்தான், விடை கிடைச்சிட்டுது. அதைச் சொல்லிவிட்டால் போதும்.”

சொல்லிவிட ஒரு ஆள் இருந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர், கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்து ஊருக்குத் திரும்பப் போகிறவர். அங்கே போன் இல்லை. போகிற கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். வாயால்தான் சொல்லிவிட வேண்டும். சோதனைக்குப் பிறகு மாமா வெளியே போகமுடியாது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளைச் செக்பொயின்றில் அவ்வளவு மறிக்கமாட்டார்கள். எனக்கு அது பஸ் பயணம்.

கொட்டாஞ்சேனையில் அந்த மனிதர் எனக்கு மாரி பிஸ்கட் தந்தார். அப்பா சவர்க்காரமும் மருந்தும் இருந்த பார்சலைக் கொடுத்தார்.

“வேறை ஏதும் சொல்லவேணுமே?” என்று அவர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். “இல்லை. எல்லாரும் சுகம் எண்டு சொல்லுங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவும் மாமாவும் ஒன்றாகக் கேட்டார்கள். “சொல்லியாச்சு” என்றார் அப்பா.

மாரி மழைக்குள் செய்தி வந்தது. கரையோரத்தில் இருந்த பெரியம்மாவின் வீட்டில், கடலில் நின்ற கப்பலிலிருந்து அடித்த குண்டு விழுந்திருந்தது. பெரியம்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் போய் இருந்த சனத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மாமா இப்போது வெளிநாட்டில். போன மாதம் போனில் சொன்னார், “பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டும் பெரியக்கா என்ரை சொல்லைக் கேக்கேல்லை, பிள்ளை. கொம்பியூட்டர் சொல்லுதெண்டால் ஆர்தான் நம்புவினம்? வேறை மாதிரிச் சொல்லிவிட்டிருக்கவேணும்.” இவ்வளவு காலமும் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். அன்றுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அன்றிலிருந்து என்னால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால்? பக்கத்தில் என் மகன் நின்றிருந்தால்? குண்டு எங்கே விழும் என்று கணக்குப் பார்த்தவன் என் வீட்டில் இருக்கிறான் என்று அரைகுறையாகத் தெரிந்த ஒருவரிடம் சொல்லியிருப்பேனா? தெரியாது. பயந்ததை மன்னிக்கலாம். “சொல்லியாச்சு” என்றதை என்னால் முடியவில்லை. மாமாவிடம் சொல்லவேண்டும். சொன்னால் அம்மாவுக்கும் தெரியவரும். ஒவ்வொரு நாளும் போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது அப்பா என் கையை விடவேயில்லை. அவருடைய கை வேர்த்து நனைந்திருந்தது. பஸ்ஸில் என்னை மடியில் இருத்தி, யன்னல் பக்கம் விட்டார். நான் மிச்ச பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் கட்டத்தில் எப்படியாவது ஒரு குண்டை விழுத்துவதற்கு என்ன இலக்கம் போட்டிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.