செல்லிக்கு வந்த பத்தியச் சாப்பாடு

எங்கள் நாய் செல்லிக்கு முந்தாநாள் செங்கல்பட்டில் கருத்தடை ஆபரேஷன். தையலை நக்காமலிருக்க என் பழைய பனியனை மாட்டிவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

இன்று காலை எதிர்வீட்டு வசந்தா அக்கா தூக்குச்சட்டியோடு வந்தார்.

"வயித்த கீறினவளுக்குப் பத்தியம் வேணாமா? பூண்டுக் கொழம்பு எடுத்தாந்துகீறேன். என் பொண்ணுக்கும் இதான் குடுத்தேன்."

"அக்கா, நாய்க்குப் பூண்டு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அந்தாளு இன்னா, புள்ள பெத்தவனா?"

தூக்குச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். அக்கா போனதும் செல்லிக்குத் தயிர்சோறு பிசைந்து வைத்தேன். தட்டையே நக்கித் துடைத்துவிட்டாள். குழம்பை நான் சாப்பிட்டேன். அபாரம்!

சாயங்காலம் செல்லி வாலாட்டிக்கொண்டு வாசலுக்கே போனாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? எல்லாம் என் கொழம்புதான்!"

நாளைக்குச் சுறாப்புட்டாம். தையல் பிரிக்க இன்னும் எட்டு நாள் இருக்கிறது. உண்மையைச் சொல்ல இப்போதே அவசரமா என்ன, நீங்களே சொல்லுங்கள்.