தழை மேல் வைத்த கல்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பக்கத்து வீட்டிலிருந்து முகப்பவுடர் வாசம் வரும். எஸ்டேட்டில் எங்களுக்குக் கட்டிக் கொடுத்திருந்த வரிசை வீடுகளை "லயன்" என்போம். அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது, மேலே ஒரு முழம் விட்டிருக்கும், அதனால் எங்கள் அடுப்புப் புகை அவர்கள் வீட்டுக்குப் போகும், அவர்கள் செபமும் பவுடர் வாசமும் எங்கள் வீட்டுக்கு வரும். அந்த வாசம் மூக்கில் ஏறும்போதே என் வயிறு காந்த ஆரம்பித்துவிடும். ஐம்பது வயது தாண்டியாகிவிட்டது, இன்றைக்கும் எங்காவது பவுடர் பூசிய குழந்தை கடந்து போனால் எனக்கு முதலில் வருவது அந்தக் காந்தல்தான், பிரியமெல்லாம் அப்புறம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது சூசை மாமா குடும்பம். மாமா காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், ஆரோக்கியம் அத்தை என் அம்மாவோடு காப்பிப் பழம் எடுக்கிறவர். பிள்ளைகள் மூன்று பேர்: பெரியவன் அந்தோணி, என் வயசுக்காரி பிலோமினா, அப்புறம் இடுப்பை விட்டு இறங்காத சின்னவன். வாரம் ஆறு நாளும் அவர்களும் எங்களைப் போலத்தான், அதே சேறு, அதே அட்டைக்கடி, மழைக்குத் தலையில் அதே சாக்குக் "கொங்காடை". ஏழாவது நாள் மட்டும் அந்த ஐந்து பேரும் குளித்து, உடுத்தி, தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு, பள்ளத்தாற்று ஓரமாக ஒன்றாக நடந்து போவார்கள். அந்த "ஒன்றாக"தான் என்னைக் கொன்றது.

பள்ளத்தாறு என்று பெயர்தானே ஒழிய, வெயில் காலத்தில் கணுக்கால் நனையாது. இரண்டு பக்கமும் சரிவு மெதுவாக இறங்கும், சில்வர் ஓக் மர நிழல் விடாமல் கூடவே வரும், சின்னப் பிள்ளைகளும் களைக்காமல் நடக்கலாம். வழியில் ஒரு பெரிய பலா மரம், அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பாதை நேராக ஆற்றுக்கு இறங்கி, தண்ணீரில் வரிசையாகப் போட்டிருக்கும் ஐந்து கல்லில் கால் வைத்துத் தாண்டி, பூசை நடக்கிற கீழ்க்கோயிலுக்குப் போய்விடும். வலது பாதை சுற்று. மேட்டில் ஏறி, வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கல்லுக்கோயில் வாசல் வழியாகப் போய், அங்கிருக்கும் இரும்புப் பாலத்தில் ஆற்றைக் கடந்து, பிறகு கீழ்க்கோயிலுக்கு இறங்கும். அந்த மேல்கோயில் எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சுற்றிலும் பாசி பிடித்த கல்லறைகள்.

ஒரே ஒரு தடவை, ஒரு கோடையில், என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை, இருந்தாலும் சூசை மாமா பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கல் தாண்ட வைத்தார், அந்தோணி, பிலோ, சின்னவன், அப்புறம் "அடுத்த மூட்டை எங்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே என்னையும் தூக்கினார். திரும்பி வரும்போது மேல்கோயில் மதிலில் வரிசையாக உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு தின்றோம். பிலோ கல்லறையில் செதுக்கியிருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நான் அந்த வருசம்தான் ஐந்தாம் வகுப்போடு நின்று, தம்பியை இடுப்பில் வாங்கியிருந்தேன். அவள் வாசித்தது சரியா தப்பா என்றுகூடச் சொல்லத் தெரியாமல் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தலை சீவிக்கொண்டு வாசலில் நின்றேன். பிலோ வெளியே வந்து, "உன்னையத் தூக்கி எங்கப்பாவுக்குக் கை வலியாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் நடந்தது கிடையாது. அப்பா எஸ்டேட்டுக்கு ராக்காவல், பகலெல்லாம் தூங்குவார். அம்மாவிடம் கேட்டால், "நடக்கறதுக்குன்னே ஆராச்சும் நடப்பாங்களாடி? நாள் முச்சூடும் மேடு ஏறி எறங்கறது பத்தலையாக்கும் உனக்கு" என்பாள். அப்பா போர்வைக்குள்ளிருந்தே, "அவிங்க சாமி பள்ளத்துல இருக்குது, வாராவாரம் போறாங்க. நம்ம சாமி உச்சியில இருக்குது, வருசத்துக்கு ஒருக்கா போனாப் போதும்" என்பார். அந்த வருசத்துக்கு ஒருக்கா, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதுகூட அப்பா கூட்டாளிகளோடு முன்னால் போய்விடுவார், அம்மா பொம்பளைகளோடு பின்னால் வருவாள், நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு நடுவில். பார்க்கிறவர்கள் எங்களை ஒரே குடும்பம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சூசை மாமா வீட்டு நடையிலும் ஒரு மாற்றம் வரும். கீழ்க்கோயிலில் மணி அடிக்கிற பொறுப்பு அவருடையது, அதனால் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரோடு முன்னால் போய்விடுவார். அத்தை சோறாக்கி, சின்னவனைக் கிளப்பிக்கொண்டு அரை மணி கழித்து வருவார். மழை நாளில் ஆறு எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்னால் போகிறவர் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, போகக் கூடாத பாதையின் குறுக்கே ஒரு கிளையை முறித்துப் போடுவார். எங்கள் பக்கம் அதற்குத் "தழை போடறது" என்று பெயர். காட்டு வழியில் நடக்கிற எல்லாரும் செய்வதுதான். முறித்த காம்பு போக வேண்டிய பாதையைப் பார்த்து இருக்க வேண்டும், நகராமலிருக்க மேலே ஒரு கல் வைக்க வேண்டும். கல் இருந்தால் மனுசன் போட்டது, இல்லாவிட்டால் மரம் போட்டது. அவ்வளவுதான் சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பலா மரத்துக்கு மேலே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி பெய்த மழை நின்று, காடே அசையாமல் நின்றது. மாமாவும் பிள்ளைகளும் வந்தார்கள். மாமா கீழே இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு ஏறி வந்து, கிளை ஒன்றை முறித்து இடது பாதையில் போட்டார், காம்பை வலது பக்கம் திருப்பினார், தேங்காய் அளவு கல் ஒன்றை மேலே வைத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, தனியா என்ன பண்றே? வர்றியா கோயிலுக்கு?"

நான் சுள்ளியைக் கீழே போட்டேன். வாய் திறப்பதற்குள் பிலோ, "அவ எங்க வருவாப்பா? அவளுக்குச் செருப்பே இல்ல" என்றாள். அந்தோணி சிரித்தான். "சும்மா இரு புள்ள" என்று மாமா அவள் தலையில் தட்டினார், ஆனால் தட்டிய கையை அப்படியே அவள் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேலை இருக்குதுங்க மாமா" என்றேன். அவர்கள் வலது பாதையில் ஏறி மறைந்தார்கள்.

பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இறங்கி வந்து, கல்லை எடுத்து வைத்துவிட்டு, கிளையை இழுத்து வலது பாதையின் குறுக்கே போட்டேன். மறுபடி கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். ஒரு நாளாவது அந்தக் குடும்பம் சேராமல் போகட்டும், ஆற்றங்கரையில் அத்தையும் பாலத்தில் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று திண்டாடட்டும், இதுதான் என் கணக்கு. தண்ணீர் என் கணக்கில் இல்லவே இல்லை.

மறுபடி சுள்ளி பொறுக்கப் போனேன். அத்தை வருவதும், பலா மரத்தடியில் கொஞ்சம் நிற்பதும், இடது பக்கம் இறங்குவதும் மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. அப்புறம்தான் காதில் விழுந்தது ஆற்றுச் சத்தம். அது காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆறு என்னவோ இரைச்சலாக, வேறு ஏதோ ஆறு மாதிரி கேட்டது. அத்தையையும் சின்னவனையும் ஆறு அடித்துக்கொண்டு போவது போலக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன், குரல் வந்ததா என்று தெரியாது. முள்ளும் கல்லும் பார்க்காமல் ஓடினேன்.

ஐந்து கல்லில் மூன்று தண்ணீருக்குள் இருந்தன. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சின்னவனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, முதல் கல்லில் ஒரு காலை வைத்திருந்தார்.

"அத்தே! வேண்டாங்க அத்தே! மேல்வழி... மேல்வழியில போங்க!"

அவர் திரும்பிப் பார்த்து, காலை எடுத்துக் கரைக்கு வந்தார். "என்ன கண்ணு, இந்த ஓட்டம் ஓடியாரே? நானும் அதையேதான் யோசிச்சுட்டு நிக்கறேன். தழை கெடந்த கெடையே சரியில்ல. காம்பு பாக்கற பக்கம் போகவா, தழை மறிக்காத பக்கம் போகவான்னு ஒண்ணும் புரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிளையை இழுத்துப் போட்டவள் காம்பைத் திருப்ப மறந்துவிட்டேன். தழை வலது பாதையை மறித்துக்கொண்டு கிடக்க, அதன் காம்பு அதே வலது பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். பலா மரத்தடியில் குனிந்து, கல்லை எடுத்தார், அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், கிளையை இழுத்து இடது பாதையில் போட்டு, காம்பைத் திருப்பி, கல்லை வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"காத்து அடிச்சிருக்கும் சாமி."

அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. கல்லைத் தூக்கி வைக்கிற காற்றை நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை.

மேல்வழி முழுக்க அவர் என் கையை விடவே இல்லை. செருப்பையும் போட்டுக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் போலவே வெறுங்காலோடு நடந்தார். கோயில் மணியை அடித்துவிட்டு இரும்புப் பாலம் வரை தேடி வந்த சூசை மாமா, "இதை எங்க புடிச்சே?" என்று என்னைக் காட்டிக் கேட்க, "வழித்துணைக்கு வந்துச்சுங்க" என்றார் அத்தை. கோயிலில் என்னைத் தன் மடியோரம் உட்கார வைத்துக்கொண்டார். பிலோ என்னைத் திரும்பித் திரும்பி முறைத்தாள். என் வயித்தெரிச்சலை அன்றைக்குத்தான் இன்னொருத்தி முகத்தில் பார்த்தேன். பார்த்தால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். பிறகு அத்தை கொடுத்த சோற்றைச் சின்னவனுக்கே ஊட்டிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம் சொல்லி நான் போகாமல் இருந்தேன். அத்தைக்குத் தெரிந்திருக்குமா, தெரிந்தால் மாமாவிடம் சொல்லியிருப்பாரா என்று படுத்தால் தூக்கம் வராது. அவர்கள் சேலத்துக்குக் குடிபோன பிறகும் அந்தக் கவலை எனக்குப் போகவில்லை. பிலோ படித்து டீச்சரானாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். மூன்று வருசத்துக்கு முன்னால் போன் பண்ணி, தன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அழுதாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. "சாப்புட்டியா பிலோ" என்று மட்டும் கேட்டேன்.

இப்போது எஸ்டேட் பங்களாவில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிறார்கள், நான் அங்கே சமைக்கிறேன். பள்ளத்தாற்று ஓரமாக நடந்து இரண்டு பழைய கோயில்களையும் பார்த்துவிட்டு வருவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், நடக்கறதுக்குன்னே நடக்கிறவர்கள்! பலா மரத்தில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று அறைந்திருக்கிறது. மழையானாலும் வெயிலானாலும் அது இடது பக்கத்தைத்தான் காட்டும். அப்பன் தோளில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளைச் சமையல்கட்டு ஜன்னலில் பார்ப்பேன். பொறாமைக்கு வயசு ஏறாது போலிருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு குடும்பம் அப்படிக் கிளம்பியது. தகப்பன் இரண்டு பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டார், தாய் குழந்தைக்கு ஊட்டிவிட்டுப் பின்னால் கிளம்பினார். ராத்திரி முழுக்க மழை. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, என் மனசு ஆற்றில் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் குறுக்கு வழியில் ஓடினேன். நல்லவேளை, முன்னால் போன மூன்று பேரும் பலகையைக் கவனிக்காமல் மேல்வழியில் ஏறிப் போவது தூரத்தில் தெரிந்தது. ஆறு கல்லை மூடிக்கொண்டு போனது. கிளை ஒன்றை முறித்து இடது பாதையில் போட்டேன், காம்பைத் திருப்பினேன், ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன், கல்லை வைத்தேன்.

குறுக்கு வழியில் பாதி திரும்பி ஏறும்போது அந்தப் பெண் வருவது தெரிந்தது. பலகையைப் பார்த்தார். சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, தழையைத் தாண்டிக் கால் வைத்து, இடது பக்கம் இறங்கினார்.

"ஏனுங்க! நில்லுங்க! அந்த வழி வேண்டாங்க, தண்ணி ஏறியிருக்குது!"

நின்றார். மூச்சிரைக்க ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குழந்தையின் கன்னத்தில் பவுடர் வாசம். மேலே ஏறி வரும்போது கீழே கிடந்ததைப் பார்த்து, "வழியிலயே யாரு இப்படிக் கிளையை வெட்டிப் போட்டாங்க, குழந்தைங்க தடுக்கி விழுந்தா?" என்று சலித்துக்கொண்டார்.

சொல்லியிருக்கலாம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"காத்து அடிச்சிருக்குமுங்க" என்றேன்.

அப்படியா என்று தலையாட்டிக்கொண்டு நடந்தார். கல்லை அவர் பார்க்கவே இல்லை.